பிபிசி த்ரீ

இளைஞர்களுக்காக 2003 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் தொலைக்காட்சி அலைவரிசை. 2007 கிறிஸ்துமஸ் நாளில் முழு அளவில் அறிமுகமான பிபிசியின் இணையச் சேவை ஐபிளேயர், தவறவிட்ட நிகழ்ச்சியை ஒளிபரப்பான பின் ஏழு நாள் வரை இணையத்தில் பார்க்க வழிசெய்தது. இரவு ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சி முன் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதோடு தளர்ந்தது. இளையோர் எப்படியும் இணையத்துக்குப் போய்விட்டார்கள், செலவும் மிச்சமாகும் என்று கணக்கிட்டு, 2016 பிப்ரவரியில் பிபிசி இந்த அலைவரிசையின் ஒளிபரப்பை நிறுத்தி, இணையத்தில் மட்டும் நடத்தியது. ஆனால், 2022 பிப்ரவரி 1 அன்று ஒளிபரப்பு மீண்டும் தொடங்கியது. நேர அட்டவணையின் பயன் தீர்ந்துவிடவில்லை என்பதற்கு இந்தத் திருப்பமே வலுவான சான்று.

‘ஃப்ளீபேக்’, ‘நார்மல் பீப்பிள்’ தொடர்கள் இணையக் காலத்தில்தானே வென்றன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் அவை பிபிசியின் மற்ற அலைவரிசைகளிலும் ஒளிபரப்பாயின. பெயர் தெரிந்த தொடரைத் தேடி எடுக்க இணையம் மிக வசதியானது. பெயரே கேள்விப்படாத ஒன்று, வேறொரு நிகழ்ச்சி முடிந்ததும் தானாகக் கண்ணில் படுவது அட்டவணையால் கிடைப்பது. தளங்களின் பரிந்துரைகள் அந்த வேலையைச் செய்யும் என்பார்கள். அவை பெரும்பாலும் ஏற்கெனவே பார்த்தவற்றின் சாயலில் உள்ளதையே முன்வைக்கின்றன. வேகமான இணைய இணைப்பு இல்லாத வீடுகளையும் மறந்துவிடக் கூடாது. ஆண்டெனாவே அவற்றுக்கு வழி.