மார்கழிக் குளிரும் நெய்ப் பொங்கலும்

குளிர்காலம் என்றதும் பலருக்கும் ஊட்டியும் கொடைக்கானலும் தான் ஞாபகத்துக்கு வரும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் என்ன பெரிய குளிர் என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் 1905-ம் ஆண்டு ஜனவரி 29 அன்று சென்னையிலேயே வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியிருக்கிறது! சாதாரணமாக ஜனவரி விடியற்காலையில் 20 டிகிரி அளவில் இருக்கும். போர்வையை விட்டு எழ மனம் வராமல் இருக்க அதுவே போதும்.

மார்கழி, தை இரண்டையும் முன்பனிக் காலம் என்று வகுத்தார்கள் பழந்தமிழர்கள். உடற்பயிற்சி என்று தனியாக எதுவும் செய்யச் சொல்லவில்லை. விடியும் முன்பே எழுவது, குளிப்பது, வாசல் பெருக்கிக் கோலம் போடுவது, கோயிலுக்கு நடப்பது... சோம்பல் வரும் மாதத்தில் தான் உடம்புக்கு அதிக வேலை கொடுத்தார்கள்.

சாப்பாட்டிலும் ஒரு கணக்கு இருந்தது. ஆண்டாளின் திருப்பாவையில் 30 பாசுரங்கள். 2-வது பாசுரத்தில் நோன்புக்காக நெய்யும் பாலும் விலக்கப்படுகின்றன. 27-வது பாசுரத்தில் தான் நெய் வழியும் பால்சோறு வருகிறது. இன்றும் மார்கழி 27-ம் நாள் கூடாரவல்லி அன்று பெருமாள் கோயில்களில் அக்காரவடிசல் படைப்பது இதனால் தான். முதலில் கட்டுப்பாடு, பிறகு விருந்து!

மார்கழி வெண்பொங்கலில் மிளகு, சீரகம், இஞ்சி சேர்கின்றன. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. போர்த்துக்கீசியர் மூலம் 16-ம் நூற்றாண்டில் தான் இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன் நம் சமையலில் காரம் என்றால் பெரும்பாலும் மிளகு தான். அந்தப் பழைய சுவை பொங்கலில் இன்னும் இருக்கிறது.

பூந்தமல்லிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 11-ம் நூற்றாண்டில் ராமானுஜர் குருவாக மதித்த திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் இது. இங்கே நந்தவனம் அமைத்து, பூப்பறித்து, காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்கு நடந்தே கொண்டு போனார் என்கிறது தல வரலாறு. தினமும் அவ்வளவு தூரம் நடந்திருக்க முடியுமா என்று கேட்கலாம். ஆனால் தோட்ட வேலையும் நடையும் பக்தியின் பகுதியாக இருந்தன என்பதை இந்தக் கதை காட்டுகிறது.

பிறகு காலம் மாறியது. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் தொழிற்சாலை அமைத்தது. 1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தன. விடியற்காலை என்பது கோயில் மணியிலிருந்து ஷிப்ட் சங்குக்கு மாறியது. ஆனாலும் சாப்பாட்டுக் கேரியரை மாட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்துப் போனவர்களுக்கு உடல் உழைப்பு குறையவில்லை. அந்த சைக்கிளின் இடத்தை பைக் பிடித்தபோது தான் அதுவும் போனது.

மார்கழிப் பொங்கல் இன்றும் கிடைக்கிறது. கோயில் வாசல் வரை வண்டியில் போய், தொன்னையில் வாங்கிக்கொண்டு திரும்பி விடலாம். அந்த நெய் மட்டும் குறையவில்லை. குளிரில் எழுந்து, குளித்து, நடந்து வந்தவர்களுக்காக ஊற்றிய நெய் அது. பொங்கலை வைத்துக்கொண்டு நடையை விட்டுவிட்டால் கணக்கு எப்படி சரியாகும்? இந்த மார்கழியில் வண்டிச் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினால் பாதிக் கணக்கு நேராகிவிடும்.