பட்டணத்தைக் கடலிலிருந்து பார்த்தேன்

எழுபத்திரண்டு வயதில் ஒருவனுக்குப் படகுச் சவாரி தேவையா என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டிலும் அதே கேள்விதான் எழுந்தது. பிப்ரவரியில் விடுமுறைக்கு வந்த மகன், "அப்பா, ஒரு யாட்டை ரெண்டரை மணி நேரத்துக்கு எடுத்திருக்கேன். நாம மட்டும்தான். ஹார்பர்லேர்ந்து சாந்தோம் வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்றான். "எனக்குத் தலை சுத்தும்ங்க" என்ற என் மனைவிதான் மறுநாள் காலை முதலில் தயாராகி நின்றாள், கையில் நான்கு எலுமிச்சம்பழத்தோடு.

ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த பிறகு திருவல்லிக்கேணிக்குக் குடிவந்து அங்கேயே தங்கிவிட்டேன். கடலைப் பார்க்காத வாரம் என் வாழ்க்கையில் குறைவு. ஆனால் கடலுக்குள் இருந்து ஊரை ஒருதரம்கூடப் பார்த்ததில்லை. இந்த ஊரை உண்டாக்கியவர்கள் எல்லோரும் முதலில் இதைக் கடலிலிருந்துதான் பார்த்தார்கள் என்பது படகில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

துறைமுகத்துக்குள் போகப் பாஸ், அடையாள அட்டை, சோதனை எல்லாம் முடிந்து படகடிக்கு வரும்போது மணி ஆறரை. வெள்ளை நிறப் பாய்மரப் படகு, உள்ளே ஒரு எஞ்சினும் உண்டு. ஓட்டுகிறவர் ஒருவர், உதவிக்கு ஒரு பையன். பையன் என்றால் முப்பது வயது இருக்கும். என் வயதுக்கு அவன் பையன்தான். மரப்பலகையில் ஒரு எட்டு வைத்தேன், படகுக்குள் இருந்தேன். வேஷ்டி நுனிகூட நனையவில்லை.

இந்த ஒரு எட்டுக்காக மதராஸ் பட்டினம் 250 வருஷம் காத்திருந்தது. 1639-ல் பிரான்சிஸ் டே இந்த மணல் திட்டை நாயக்கரிடமிருந்து பெற்றபோது இங்கே துறைமுகம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. வளைகுடா இல்லை, மறைப்பு இல்லை. திறந்த கடல், ஓயாத அலை. துணி வியாபாரத்துக்கு இடம் தோதாக இருந்ததென்று பிடித்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் வந்த கப்பல்கள் எல்லாம் கரையிலிருந்து ஒன்றிரண்டு மைல் தள்ளி நங்கூரம் போட்டு ஆடிக்கொண்டே நிற்கும். சரக்கும் சீமாட்டியும் கவர்னரும் கரை சேர வேண்டுமென்றால் மசூலாப் படகுதான் கதி.

மசூலாப் படகை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். அதில் ஓர் ஆணிகூடக் கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த விறைப்பான படகு இந்த அலையில் தரையில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். மேலை நாட்டுப் படகுகள் இந்தக் கரையில் தோற்ற இடத்தில், நம் மீனவர்கள் கயிறும் பலகையுமாகக் கட்டிய படகு ஜெயித்தது. கரை அருகில் வந்ததும் பிரயாணிகளைத் தோளிலோ நாற்காலியிலோ தூக்கிக்கொண்டு வந்து மணலில் இறக்குவார்கள். அலை பெரிதாக இருக்கும் நாட்களில் கட்டுமரங்கள் கூடவே வரும், படகு கவிழ்ந்தால் விழுந்தவர்களை எடுக்க. கட்டுமரக்காரர்கள்தான் கப்பலுக்குக் கடிதமும் கொண்டுபோவார்கள். தண்ணீர் புகாத கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தைச் செருகிக்கொண்டு அலையில் இறங்கிவிடுவார்கள். முப்பத்தாறு வருஷம் தபால் இலாகாவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் அவர்களை என் முன்னோர்கள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. ஆனால் மழை நாளில் சைக்கிள் மிதிப்பதற்கே முணுமுணுத்த ஆள் நான்.

படகு மெல்லத் துறைமுகத்தின் வாய் நோக்கி நகர்ந்தது. இருபுறமும் மலைபோல் கப்பல்கள். அந்தச் சுவர்களுக்கு நடுவே போகும்போது இதைக் கட்டிய கதையை மகனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். முதலில் 1861-ல் கடலுக்குள் 1,100 அடி நீளத்துக்கு இரும்புத் தூண்களை நட்டு ஒரு பாலம் கட்டினார்கள். புயல்கள் அதை விட்டுவைக்கவில்லை. பிறகு 1875 டிசம்பரில் இங்கிலாந்து இளவரசர் வந்தபோது துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். பார்க்ஸ் என்ற பொறியாளரின் திட்டம் எளிமையானது: கரையிலிருந்து இரண்டு கைகளைக் கடலுக்குள் நீட்டி, நுனிகளை உள்பக்கமாக மடக்கி, கிழக்கே பார்த்து ஒரு வாசல் விடுவது. வேலை முடியப்போகும் நேரத்தில், 1881 நவம்பரில், ஒரு புயல் வந்து அத்தனையையும் நொறுக்கிப் போட்டது. மறுபடி கட்டி முடிக்க 1896 ஆயிற்று.

அப்போதும் தலைவலி தீரவில்லை. கிழக்கு வாசல் வழியாக அலையும் உள்ளே வந்தது, மணலும் வந்தது. 1904-ல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாசலையே அடைத்துவிட்டு வடகிழக்கு மூலையில் புதிய வாசல் திறந்தார். சென்னைத் துறைமுகத்தின் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அவரே 1911-ல் இங்கே பாய்மரப் படகுக் கழகத்தையும் தொடங்கினார். ராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்று இன்றும் அது இருக்கிறது. தாம் அடக்கிய தண்ணீரில் தாமே பாய் விரித்துப் பார்க்க ஆசைப்பட்டார் போலிருக்கிறது. நாங்கள் அன்று போன உல்லாசச் சவாரிக்கும் ஒரு விதத்தில் அவர்தான் பிள்ளையார் சுழி.

வெளித் துறைமுகத்தையும் தாண்டியதும் படகு தூக்கிப் போட்டது. மனைவி எலுமிச்சம்பழத்தை மூக்கருகே கொண்டுபோனாள். மகன் சிரித்தான். ஐந்து நிமிஷத்தில் இரண்டாவது எலுமிச்சம்பழம் அவன் கைக்குப் போயிற்று.

தெற்கே திரும்புவதற்கு முன் சற்று வடக்கே போகலாமா என்று நான்தான் கேட்டேன். ஓட்டுநர் யோசித்துவிட்டுத் திருப்பினார். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் இடப்பக்கம் நகர்ந்தது. அதையும் தாண்டினால் கரையே வேறு மாதிரி. மணலைக் காணோம். கருங்கல், கருங்கல், மேலும் கருங்கல். லாரி லாரியாகக் கொட்டிய பாறைகள்மேல் அலை அடித்துக்கொண்டிருந்தது. கல்லுக்குப் பின்னால் சாலை, சாலை ஓரத்திலேயே வீடுகள். நடுநடுவே கடலுக்குள் நீட்டிய தூண்டில் வளைவுகள்.

உதவிக்கு வந்த பையன் அந்தப் பக்கத்துக்காரன். நான் கரையையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டுச் சொன்னான்: "கல்லுக்கு இந்தாண்ட ஒரு தெருவே இருந்துச்சாம் சார். எங்க ஆயா சொல்லும். அதுக்கும் இந்தாண்ட வலை காயப்போட மணலு."

"எங்கேப்பா?" என்றேன்.

அவன் கரையைக் காட்டவில்லை. படகுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த தண்ணீரைக் காட்டினான்.

என் அம்மாவும் இதுபோலச் சொல்லியிருக்கிறாள். ராயபுரத்தில் அவள் சிறுமியாக விளையாடிய மணலைப் பற்றி. வயதானவர்கள் எல்லாவற்றையும் பெரிதாகத்தான் சொல்வார்கள் என்று நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. இப்போது எனக்கே அந்த வயது.

காரணம் மர்மமானது அல்ல. நம் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. தெற்குக் காற்று வீசும் எட்டு ஒன்பது மாதமும் அலை மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வாடைக்காற்று மாதங்களில் கொஞ்சம் தெற்கே திருப்பிக் கொடுக்கும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். கண்ணுக்குத் தெரியாத ஒரு மணல் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் குறுக்கே 1876-லிருந்து கல்லால் இரண்டு கைகள் நீண்டன. தெற்கேயிருந்து வந்த மணல் தெற்குக் கையில் முட்டி அங்கேயே தங்கியது. வடக்கே வழக்கமாகப் போய்ச் சேரவேண்டிய மணல் போகவில்லை. ஆனால் அலை தன் வேலையை நிறுத்துமா? அங்கே ஏற்கெனவே இருந்த மணலை எடுத்துக்கொண்டு போயிற்று. மணல் தீர்ந்ததும் கரையை எடுத்தது.

படகு திரும்பித் துறைமுகத்தின் வெளிச்சுவரைச் சுற்றித் தெற்கே வந்தது. வெயில் ஏறி, நகரம் முழுக்க முன்வெளிச்சத்தில் நின்றது. அழகுதான், மறுக்கவில்லை. கிரேன்களுக்குப் பின்னால் ஹைகோர்ட்டின் சிவப்புக் கோபுரம். அதன் உச்சியில் 1894-லிருந்து கலங்கரை விளக்கு எரிந்தது. அதற்கு முன் 1844-லிருந்து அதே வளாகத்தில் தனியாக நிற்கும் கல்தூணில் எரிந்தது. எல்லாவற்றுக்கும் முதல் விளக்கு 1796-ல் கோட்டைக்குள், இன்று மியூசியமாக இருக்கும் கட்டடத்தின் மேல்தளத்தில், தேங்காய் எண்ணெயில் எரிந்தது. இப்போதைய கோபுரம் மெரினாவில் 1977-ல் வந்தது. அது திறந்த புதிதில் வேடிக்கை பார்க்கப் போனவர்களில் நானும் ஒருவன்.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் நின்றதும் ஏறக்குறைய இந்தத் தண்ணீரில்தான். ஊர் விளக்குகள் பளிச்சென்று எரிய, அந்த ஜெர்மன் கப்பல் அரை மணி நேரத்துக்குள் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போய்விட்டது. பட்டணமே மூட்டை கட்டியது. கெட்டிக்காரனைப் பார்த்து "சரியான எம்டன்டா" என்று நாம் சொல்வது அதிலிருந்துதான்.

கோட்டையைப் பார்த்தேன். பழைய படங்களில் அலை அதன் கிழக்கு மதிலை நக்கிக்கொண்டிருக்கும். இப்போது மதிலுக்கும் கடலுக்கும் நடுவே அகன்ற சாலை, அதற்கும் இந்தப் பக்கம் நிலம். அடுத்து கூவத்தின் முகத்துவாரம். அதன் வாயிலும் மணல் மேடு. பிறகு தொடங்கியது மெரினா. செனட் ஹவுஸ், சேப்பாக்கம் அரண்மனை, மாநிலக் கல்லூரி எல்லாம் கடலைப் பார்த்துக் கட்டியவை. ஆனால் கடலிலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது கட்டடம் அல்ல, மணல்தான். மைல் கணக்கில் நீளம், சராசரி 300 மீட்டர் அகலம். கிராண்ட் டஃப் துரை 1880-களில், சிசிலித் தீவில் தாம் பார்த்த கடற்கரையின் நினைவாக மெரினா என்று பெயர் வைத்து நடைபாதை போட்டபோது, அலை அந்த நடைபாதைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. துறைமுகம் வளர வளர மணல் வளர்ந்தது.

நிஜமாகவே எத்தனை தூரம் என்று பார்க்க ஐஸ் ஹவுஸ் போதும். 1840-களில் அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்திலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேர்த்துவைக்கக் கட்டிய கட்டடம் அது. உருகும் சரக்கை வைக்கிறவன் கடலை விட்டு வெகுதூரத்திலா கிடங்கு கட்டுவான்? 1897-ல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று படகிலிருந்து பார்த்தால், அந்தப் பரந்த மணலுக்கும் சாலைக்கும் பின்னால் அது பொம்மை வீடு போலத் தெரிந்தது.

அறுபது வருஷமாக அந்த மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றிருக்கிறேன். கல்யாணம் பேசியது அங்கே, மகன் நடக்கப் பழகியது அங்கே. உலகத்திலேயே இரண்டாவது நீளமான பீச் என்று வெளியூர்க்காரர்களிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். அது சரிதானா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. நான் பிறந்த பேட்டைக்குப் போகவேண்டிய மணல் நான் குடியேறிய பேட்டையில் தங்கிவிட்டது என்பது எனக்குப் படிப்பாகத் தெரியும். படகில் ஒரே காலையில் இரண்டையும் பார்த்தபோதுதான் வயிற்றில் ஏதோ செய்தது. கடல் மயக்கம் என்று மனைவி எலுமிச்சம்பழத்தை நீட்டினாள்.

துறைமுகம் கட்டியவர்களைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. அலையில் கவிழ்ந்து செத்தவர்களின் கணக்கு அவர்கள் கண்முன் இருந்தது. துறைமுகம் இல்லாமல் இந்த ஊர் இவ்வளவு பெரிதாகியிருக்காது, எனக்கும் இங்கே பிழைப்பு இருந்திருக்காது. ஆனால் வடக்கே கரை கரைவது பேரன் காலத்தில் தெரிந்த சங்கதி அல்ல. கட்டியவர்கள் காலத்திலேயே தெரிந்தது. தெற்கே சேர்ந்ததற்கு நடைபாதை, சிலைகள், பூங்கா எல்லாம் வந்தன. வடக்கே போனதற்குக் கல் வந்தது. அதுவும் மெதுவாக.

சாந்தோம் மாதா கோயில் கோபுரம் நேரே வந்ததும் படகைத் திருப்பினார்கள். திரும்பும்போது பையன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நீங்க மெரினாவுக்கு அடிக்கடி போவீங்களா சார்?" என்று கேட்டான். தினமும் வாக்கிங் என்றேன். "நாங்களும் பொங்கலுக்கு வருவோம். பசங்களுக்கு மணல்ல ஆடணும்ல" என்றான்.

சாயங்காலம் வழக்கம்போல நானும் மனைவியும் பீச்சுக்குப் போனோம். ஐஸ் ஹவுஸுக்கு எதிரே சாலையைக் கடந்து, மணல் தொடங்கும் இடத்திலிருந்து தண்ணீர் வரை எட்டு வைத்து எண்ணிக்கொண்டே நடந்தேன். "என்னத்தை முணுமுணுக்கறீங்க?" என்றாள். பதில் சொன்னால் கணக்கு விட்டுப்போகும். கால் நனைந்தபோது 512.