பலகையும் பேரேடும்

பிளசன்டன் மெயின் ஸ்ட்ரீட்டின் குறுக்கே ஊர்ப் பெயரைத் தாங்கி நிற்கும் வளைவின் கீழ் நின்று படம் எடுக்காத தமிழ்க் குடும்பம் இங்கே குறைவு. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் முதல் வாரமே அங்கே ஒரு படம் எடுத்தாகிவிடும். 1932இல் அந்த வளைவை நகருக்கு அளித்தவர்கள் இங்கிருந்த பெண்கள் முன்னேற்றச் சங்கத்தார். ஊர்க்காரர்களே தங்கள் ஊருக்கு மாட்டிக்கொண்ட பெயர்ப்பலகை அது. தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் இரவில் விளக்கு எரிகிறது.

இன்று இதே ஊரில் சாம்பார்ப் பொடி விற்பவரும், பரதநாட்டிய வகுப்பு நடத்துபவரும், வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பவரும் மாட்டுகிற பலகைகள் வேறு யாருடைய சுவரிலோ தொங்குகின்றன. அந்தச் சுவர்களின் சொந்தக்காரர்கள் தூரத்தில் இல்லை. போக்குவரத்து நெரிசல் இல்லாத நாளில் ஒரு மணி நேரத்துக்குள் மென்லோ பார்க், மவுன்டன் வியூ, சன்னிவேல், சான் பிரான்சிஸ்கோ எல்லாம் வந்துவிடும். நம்மில் பலர் அங்கே வேலைக்கும் போகிறோம். ஆனால் அந்தச் சுவரில் எந்த ஆணி எப்போது பிடுங்கப்படும் என்பதில் நமக்கு உள்ள அதிகாரம், காரைக்குடியில் பலகாரக் கடை வைத்திருப்பவருக்கு உள்ள அளவுதான்.

சிறு தொழில்களும் சங்கங்களும் சமூக ஊடகத்தைக் கற்றுக்கொண்ட வரலாற்றை அடுக்கிப் பார்த்தால், அதில் இரண்டு பொருள்கள் மாறிமாறி வருவது தெரிகிறது. ஒன்று பலகை, முன்பின் தெரியாதவர் கண்ணில் படுவதற்கு. மற்றது பேரேடு, தெரிந்தவரை மறக்காமல் இருப்பதற்கு.

பேரேட்டின் வலிமையை நாம் கலிபோர்னியாவில் வந்து கற்கவில்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கும். கல்யாணம், காதுகுத்து என்று காரணம் எதுவும் வேண்டியதில்லை. விருந்து வைப்பவர் கறிச்சோறு போடுவார். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் பணம் எழுதுவார்கள். அந்தப் பணத்தில் கடை வைப்பவர் உண்டு, ஆழ்துளைக் கிணறு போடுபவர் உண்டு, பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பவர் உண்டு. எழுதியவர் விருந்து வைக்கும்போது, வாங்கியவர் அதைத் திருப்பி எழுதி, மேலே கொஞ்சம் சேர்த்துப் புதுமொய்யும் வைப்பார். வட்டி கிடையாது; பத்திரம் கிடையாது. அழைப்பிதழும் தெருமுனை ஃபிளெக்ஸும் பலகை. அவை மறுநாளே கிழிந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. மொய் நோட்டு தொலைந்தால்தான் நட்டம்.

வளைகுடாப் பகுதிக்கு வந்த முதல் தலைமுறைக்கு இரண்டுமே கையெட்டும் தூரத்தில் இருந்தன. 1980இல் தொடங்கிய விரிகுடாப் பகுதித் தமிழ் மன்றமும், அந்தப் பத்தாண்டில் எழுந்த லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலும் ஆட்கள் கூடும் இடங்களாயின. மளிகைக் கடையின் கண்ணாடிக் கதவில் ஒட்டிய காகிதம்தான் விளம்பரம். காகிதத்தின் கீழ்ப்பகுதியைக் கீறி, தொலைபேசி எண்ணைக் கிழித்து எடுத்துப்போகும்படி விட்டிருப்பார்கள். 2000இல் தென்றல் மாத இதழ் வரத் தொடங்கி, இந்திய மளிகைக் கடைகளில் இலவசமாகக் கிடைத்தபோது, சிறு வணிகருக்குத் தமிழிலேயே ஒரு பலகை கிடைத்தது. கதை படிக்க எடுத்தவர் விளம்பரத்தையும் படித்தார்.

இணையத்திலும் முதலில் வந்தது பேரேடுதான். 1995இல் கிரெய்க் நியூமார்க் சான் பிரான்சிஸ்கோவில் நடக்கும் நிகழ்ச்சிகளைத் தன் நண்பர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பத் தொடங்கினார். அந்தப் பெயர்ப் பட்டியல்தான் வளர்ந்து கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற பெரும் பலகையானது. 1998இல் டெக்சஸின் ஆஸ்டினில் தொடங்கிய சுலேகா, வெளிநாட்டு இந்தியர்களின் எழுத்தையும் வரிவிளம்பரத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது. சங்கங்களுக்கு யாகூ குழுமங்கள் கிடைத்தன. கூட்ட அறிவிப்பு, வரவு செலவு, பொங்கல் விழாவுக்கு யார் எத்தனை கிலோ அரிசி என்ற கணக்கு எல்லாம் ஒரே இடத்தில் போட முடிந்தது.

2019 அக்டோபரில் யாகூ ஓர் அறிவிப்பு வெளியிட்டது: குழுமங்களில் சேர்ந்திருக்கும் பழைய செய்திகளும் கோப்புகளும் அழிக்கப்படும். 2020 டிசம்பரில் சேவையே நின்றது. தரவிறக்கிக்கொண்டவர்களிடமும், தன்னார்வலர்கள் ஓடி ஓடிக் காப்பாற்றிய பகுதியிலும் மட்டுமே அந்த இருபது ஆண்டு எழுத்து மிஞ்சியது. அதற்கு முன்பே 2014இல் ஆர்குட் மூடியது. 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் மூடியது. வாடகை வீட்டில் தென்னை வைத்தவர்களின் கதை இது. காய்க்கும் வரை இருந்தோம், பறிக்க இருக்கவில்லை.

மூடாத பலகைகளும் இடம் மாறின. ஃபேஸ்புக் 2007 நவம்பரில் வணிகங்களுக்கெனப் பக்கங்களைத் திறந்தது. ஆயிரம் பேர் விருப்பம் தெரிவித்தால் ஆயிரம் பேரும் பார்ப்பார்கள் என்று கடைக்காரர்கள் எண்ணினார்கள். 2018 ஜனவரியில் மார்க் சக்கர்பர்க், இனி நண்பர், உறவினர் பதிவுகளுக்கே முன்னுரிமை என்றும், வணிகங்களின் பதிவுகள் குறைவாகவே தெரியும் என்றும் அறிவித்தார். ஆயிரம் பெயர்கள் அப்படியே இருந்தன. ஆனால் அவர்களை எட்ட வேண்டுமானால் பணம் கட்ட வேண்டியிருந்தது. பேரேடு என்று கடைக்காரர் நினைத்தது பலகையாகவே இருந்திருக்கிறது.

இந்த மாற்றங்களுக்கு நடுவேதான் கலிபோர்னியாவின் வீட்டுச் சமையலறைகள் சட்டப்படி கடைகளாயின. 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வீட்டுத் தயாரிப்பு உணவுச் சட்டம், குளிர்பதனம் தேவைப்படாத சில வகை உணவுகளை வீட்டில் செய்து விற்க அனுமதித்தது. மாவட்டச் சுகாதாரத் துறையில் பதிவு செய்ய வேண்டும், பயிற்சி பெற வேண்டும், வீட்டுச் சமையலறையில் செய்தது என்று சீட்டில் அச்சிட வேண்டும். முதல் ஆண்டில் விற்பனை உச்சவரம்பு 35,000 டாலர். 2015இல் 50,000 டாலர். 2022இல், நேரடியாக விற்பவர்களுக்கு அது 75,000 டாலராக உயர்ந்தது. உலர்ந்த பொடி வகைகளுக்கு வழி பிறந்தது. சாம்பாருக்கும் தயிர்சாதத்துக்கும் இந்தச் சட்டத்தில் இடமில்லை.

அப்படிப் பதிவு செய்துகொண்ட பெண்கள் சிலருக்கு இந்த ஊடகங்களைப் பயன்படுத்தச் சொல்லிக் கொடுக்கிறேன். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிவைத்து, முதல் வாரம் ஒரு தாளைக் கொடுத்து, போன மாதம் வாங்கியவர்களின் பெயரை எழுதச் சொல்வேன். ஓர் அக்கா தாளை வாங்கவே இல்லை. "எதுக்கு தம்பி, எங்கிட்டதான் நோட்டு இருக்கே" என்று பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தார். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு: காரம் குறைவு, பெருங்காயம் ஆகாது, மாமியார் வந்திருக்கிறார், இரண்டு பங்கு. எந்த நிறுவனமும் அவருக்கு விற்க முடியாத தகவல் அது.

அவருக்கு நான் காட்டியது வாட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியலை. ஜான் கோமும் பிரையன் ஆக்டனும் 2009இல் தொடங்கிய அந்த நிறுவனத்தை 2014இல் ஃபேஸ்புக் வாங்கியது; 2018இல் சிறு வணிகர்களுக்கெனத் தனிச் செயலி வந்தது. ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். குழுவைப் போல எல்லோரும் எல்லோருக்கும் பதில் சொல்லும் இரைச்சல் அங்கே இல்லை. அதில் ஒரு நிபந்தனை உண்டு: உங்கள் எண்ணை அவரும் தன் கைபேசியில் சேமித்து வைத்திருந்தால்தான் செய்தி அவருக்குப் போய்ச் சேரும். அக்கா உடனே பிடித்துக்கொண்டார். "மொய் மாதிரிதான். அவுங்க நோட்டுல நம்ம பேரும் இருக்கணும்."

இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினையாகவும் ஆகும் என்பதை 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் காட்டியது. ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் உதவிக் குரல்கள் குவிந்தன. மீட்கப்பட்டவரின் எண்ணும் பல மணி நேரம் கழித்துச் சுற்றிக்கொண்டே இருந்தது. படகு தேவையானவரின் குரல் அதற்கடியில் புதைந்தது. தன்னார்வலர்கள் அவற்றை விரிதாளில் எழுதி, தொலைபேசியில் அழைத்துச் சரிபார்த்து, முடிந்தவற்றை அடித்தார்கள். சென்னையில் நள்ளிரவு என்றால் இங்கே முற்பகல். கடல் கடந்து இருந்தவர்களும் கைகொடுக்க முடிந்தது. பரப்புவதற்குப் பலகை உதவியது. காப்பாற்றுவதற்குக் கணக்கு தேவைப்பட்டது.

பலகையைக் குறைத்துச் சொல்லவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்திலிருந்து ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டது. தமிழில் அதற்கு முன் எந்த யூடியூப் சேனலும் அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை. எந்த மொய் நோட்டாலும் அத்தனை பேரைச் சேர்த்திருக்க முடியாது. ஆனால் 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தபோது, அங்கே பார்வையாளர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

ஆகவே வகுப்பில் நான் சொல்வது மூன்றே விஷயங்கள். பலகை எத்தனை வேண்டுமானாலும் மாட்டுங்கள். அதைப் பார்த்து வருகிறவரின் பெயரையும் எண்ணையும், அவர் சம்மதத்தோடு, உங்கள் நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் தரவிறக்கி, காகிதத்திலும் ஒரு படி எடுத்து வையுங்கள். சங்கங்களுக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கும் இது கூடுதலாகப் பொருந்தும். இங்கே வளர்ந்த பிள்ளைகள் ஒருநாள் முதல் பொங்கல் விழாவை யார் நடத்தினார்கள், முதல் வகுப்பில் எத்தனை பேர் படித்தார்கள் என்று கேட்பார்கள். அப்போது எடுத்துக் காட்ட நம் அலமாரியில் ஒரு நோட்டு இருக்க வேண்டும்.