முன்சக்கர முட்டியும் ஒரு கிரீஸ் பில்லும்

போன வாரம் சோழவரம் ஏரிக்கரைப் பக்கம் காலை நடை போனபோது ஒரு பழைய மகேந்திரா ஜீப் நின்றிருந்தது. முன்சக்கரத்தின் உட்பக்கம் கறுப்பாக எண்ணெய் கசிந்திருந்தது. அதைப் பார்த்ததும் நாற்பது வருடத்துக்கு முன் நான் திருப்பி அனுப்பிய ஒரு பில் ஞாபகத்துக்கு வந்தது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் சரித்திரம்.

நம் ஊர் விமான ஓடுதளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்டது. பிற்பாடு அதில் நடந்த மோட்டார் பந்தயங்களை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜீப்பும் அதே போரின் பிள்ளைதான். 1941 முதல் போர் முடியும்வரை வில்லீஸ், ஃபோர்டு என்ற இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளின. போருக்குப் பின் மகேந்திரா சகோதரர்கள் மும்பையில் வில்லீஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கினார்கள். 1952 அக்டோபர் 2ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்தது. அதன்பின் கிராமத்து ஜனங்களுக்கு சர்க்கார் என்றாலே ஜீப் என்று ஆகிவிட்டது.

ஜீப்பின் பெருமை, நான்கு சக்கரமும் இழுப்பது. அதில் ஒரு சங்கடம் உண்டு. முன்சக்கரம் இழுக்கவும் வேண்டும், இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். சாதாரண சிலுவை ஜாயின்ட்டைக் கோணலாக வைத்துச் சுற்றினால், ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். திருப்பத்தில் ஸ்டீரிங் கையில் உதறும்.

இதற்கு வழி கண்டவர்களில் இருவர் பிரெஞ்சுக்காரர்கள்: ழான் அல்பேர் கிரெகுவார், பியேர் ஃபெனாய். 1926இல் அவர்கள் செய்த ஜாயின்ட்டின் பெயர் திராக்தா. அது பூட்டிய கார் 1927இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஓடி முடித்தது. போர்க்கால ஜீப்புகள் சிலவற்றிலும், 1948இல் வந்த முதல் லேண்ட் ரோவரிலும் அதே ஜாயின்ட் இருந்தது. பிரெஞ்சில் இந்த வகைக்கு 'ஓமோசினெத்திக்' என்று பெயர். உள்ளேயும் வெளியேயும் ஒரே வேகம் என்று பொருள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்தச் சொல் புரிந்தது. ஆனால் அந்த ஜாயின்ட்டுக்கு என்ன தேவை என்பதுதான் புரியவில்லை.

ஆக்சிலின் இரு முனையிலும் ஓர் இரும்புக் குண்டு இருக்கும். அதன்மேல் கவிழ்ந்த கூடு, மேலும் கீழும் இருக்கும் கிங் பின்களில் திரும்பும். எங்கள் டிரைவர் அண்ணன் இதை 'முட்டி' என்பார். ஜாயின்ட் இதற்குள்தான் சுற்றுகிறது. நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல் ஆயில் இங்கே வராது. முட்டிக்கென்று தனியாக, வண்டிக்கு ஏற்றபடி கிரீஸோ ஆயிலோ போட வேண்டும். லேண்ட் ரோவர்க்காரர்கள் 90 நம்பர் ஆயில் ஊற்றினார்கள். வெளியே குண்டைத் துடைத்தபடி இருக்கும் சீல் தேய்ந்தால் உள்ளிருப்பது கசியும், வெளித்தண்ணீர் உள்ளே போகும். குண்டில் துரு ஏறிவிட்டால் அது புது சீலையும் அறுத்துவிடும்.

1985இல் நான் ஓர் அலுவலகத்தில் பில் பார்க்கும் குமாஸ்தா. எங்கள் டிரைவர் பட்டாளத்திலிருந்து வந்தவர். இரண்டு சீலுக்கும் கிரீஸுக்கும் பில் வைத்தார். "போன காலாண்டில்தானே கிரீஸ் வாங்கப்பட்டது?" என்று குறிப்பெழுதித் திருப்பினேன். "சார், அது வேற இடத்துக்கு, இது முட்டிக்கு" என்றார். மறுபடி வந்தபோது மூன்று விலைப்புள்ளி கேட்டேன். விதிப்படி நான் செய்தது சரி.

நவம்பரில் பெருமழை. சாப்பாட்டுப் பொட்டலங்களோடு ஜீப் ஆரணியாற்றுப் பக்கம் போயிற்று. சக்கரத்தின் நடுப்பாகம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். திரும்பி வந்ததும், "முட்டியைத் திறந்து துடைச்சு, புது கிரீஸ் அடைக்கணும் சார்" என்றார். பில் என் மேஜையில் கிடந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு திருப்பத்தில் ஜாயின்ட் உடைந்து சக்கரம் இறுகிக்கொண்டது. ஜீப் சாலைச் சரிவில் இறங்கி நின்றது. அவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ரிப்பேர் பில் அந்த கிரீஸ் பில்லைப் போலப் பல மடங்கு. அதை ஒரே நாளில் பாஸ் செய்தோம்.

கட்டுப் போட்ட கையோடு அவர் வந்தபோது என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பிரித்த முட்டியைக் காட்டினார். உள்ளே கிரீஸ் இல்லை, துருவும் தண்ணீரும் குழைந்த சேறு. பிறகு பட்டாளத்துப் பழைய ஜீப் புத்தகத்தைத் திறந்து, "இதுல ஒரு பேர் உங்க பிரெஞ்சு மாதிரி இருக்கே சார்" என்றார். திராக்தா! எங்கள் ஜீப்பில் இருந்தது வேறு வகை ஜாயின்ட். ஆனால் கிரீஸ் இல்லாவிட்டால் எல்லா வகைக்கும் ஒரே கதிதான். அன்றுதான் அந்தப் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன்.

அதன்பின் ஓய்வு பெறும்வரை, வண்டி பில் எது வந்தாலும் கேள்வி எழுதுமுன் ஷெட்டுக்குப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வருவேன். டிரைவர் அண்ணன் இன்று இல்லை. மழை நாளில் அவர் இடது கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது மட்டும் என் கண்ணிலேயே நிற்கிறது.

ஏரிக்கரை ஜீப்பின் சொந்தக்காரரான தம்பியிடம், "சீலை மாத்துப்பா, மழைக்கு முன்னால" என்று சொல்லிவிட்டு வந்தேன்.