இணையவழிக் கல்லூரி வகுப்பு (கேரளம்)

கேரளக் கல்லூரிகளில் 2020 ஜூன் 1 அன்று இணையவழிப் பாடம் தொடங்கியது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீவராகம் போன்ற நகரப் பகுதி மாணவர்களுக்குப் பேருந்துச் செலவு மிச்சமானது; பதிவான விரிவுரையைத் திரும்ப ஓட்டியும் கேட்க முடிந்தது. ஆய்வகப் பயிற்சிக்கு மட்டும் திரை ஈடாகவில்லை.

சிக்னல் கிடைக்காத ஊர்களில் கதையே வேறு. மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல் அருகே பி.ஏ. ஆங்கிலம் படித்த மாணவி வீட்டுக் கூரைமேல் ஏறி அமர்ந்து பாடம் கேட்டார். அந்தப் படம் பரவிய பிறகே அவருக்கு அதிவேக இணைப்பு வந்தது.

இத்தனைக்கும், விடுதியில் மாலை 6 முதல் 10 மணி வரை கைபேசிக்கு இருந்த தடையை எதிர்த்துக் கோழிக்கோட்டுக் கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில், இணையம் கல்வியுரிமையின் பகுதி என்று கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரிலேயே தீர்ப்பளித்திருந்தது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு தரும் இலக்குள்ள மாநில அரசின் இணையத் திட்டமான கே-ஃபோன் தொடங்கப்பட்டதோ 2023 ஜூன் 5இல்.