வெந்நீர் ஊற்றும் கண்ணாடி வீடும்



ஜாசின் மாவட்டத்தில் ஆயர் பானாஸ் என்றோர் ஊர் உண்டு. மலாய் மொழியில் அதற்கு வெந்நீர் என்று பொருள். பெயர்ப்பலகையைப் பலமுறை பார்த்திருக்கிறோம். ஆனால் ஏன் அந்தப் பெயர் என்று கேட்டிருப்போமா? ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பில் கேட்கும் வரையில் நானும் யோசித்ததில்லை.

1854ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் என்னும் ஆங்கிலேய இயற்கை அறிஞர் பூச்சிகளும் பறவைகளும் சேகரிக்க மலாக்காவுக்கு வந்தார். லேடாங் மலை ஏறுவதற்கு முன் ஆயர் பானாஸ் அரசாங்க பங்களாவில் தங்கினார். 1869இல் வெளிவந்த தம் நூலில் அந்த ஊரைக் குறித்து எழுதியும் வைத்தார். அப்போது இங்கே ரப்பர் தோட்டமே கிடையாது. 1896இல்தான் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் பயிரிட்டார். நம் பாட்டன்மார் பால்மரம் வெட்ட வருமுன்பே அந்த வெந்நீர் ஓடிக்கொண்டிருந்தது!

அலோர் காஜா மாவட்டத்துக் காடேக்கிலும் வெந்நீர் ஊற்று உண்டு. பால்மரம் வெட்டி ஓய்ந்த என் பாட்டி, "கால் கடுப்புக்கு அந்தத் தண்ணிய மிஞ்சின மருந்து இல்லடா" என்பார். இலங்கையில் திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியவை என்று அங்குள்ள மக்கள் சொல்வார்கள்.

இந்த நீர் எப்படிச் சூடாகிறது? நம் தீபகற்பத்தில் எரியும் எரிமலை இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்குச் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் கூடும். அப்படிச் சூடான நீர் வேறு வெடிப்பு வழியாக மேலே வந்துவிடுகிறது. அவ்வளவுதான் சங்கதி.

இனி உங்களை வெகுதூரம் அழைத்துப் போகிறேன், வாருங்கள். வட துருவ வட்டத்தை ஒட்டிய தீவு நாடு ஐஸ்லாந்து. அங்கே எரிமலைகளும் உண்டு, பனியும் உண்டு. அதன் தலைநகர் ரெய்க்யவிக். 'புகை விரிகுடா' என்று பொருள். ஊற்றுகளின் ஆவியைப் பார்த்து வைத்த பெயராம். நம் ஆயர் பானாஸ் மாதிரிதான்!

அந்நகரத்துப் பெண்கள் அந்தக் காலத்தில் துணி மூட்டையைச் சுமந்துகொண்டு சுமார் 3 கிலோமீட்டர் நடந்து வெந்நீர் ஊற்றுக்குப் போய்த் துவைப்பார்கள். பனியிலும் காற்றிலும் அந்த நடை. விடியுமுன் பெரட்டுக்கு நடந்த நம் தாய்மார்களுக்கு அந்த வேதனை புரியும். 1930இல் அதே ஊற்றிலிருந்து குழாய் போட்டு வெந்நீரை நகருக்குக் கொண்டுவந்தார்கள். அந்தச் சூடு முதலில் போய்ச் சேர்ந்த கட்டடங்களில் ஒன்று எது தெரியுமா? ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடம்!

அதற்கும் முன்னால், 1924இலேயே, வெந்நீரால் சூடேற்றும் கண்ணாடி வீடுகளில் பயிர் செய்யத் தொடங்கிவிட்டார்கள். ரெய்க்ஹோல்ட் என்ற சிற்றூர் இன்று அத்தகைய தக்காளிப் பயிருக்குப் பெயர் பெற்றது. வெளியே பனி கொட்டும். உள்ளே குழாய்களில் வெந்நீர் ஓடும். குளிர்காலத்தில் சூரியன் சில மணி நேரமே தலைகாட்டுவதால் மின்விளக்கு போட்டுக் கொடிகளுக்கு வெளிச்சம் கொடுக்கிறார்கள். பூ காயாவதற்குப் பெட்டிகளில் வண்டுத்தேனீக்களையும் வைத்திருக்கிறார்கள். ஹ்வெராகெர்தி என்ற ஊரில் வாழைகூடக் காய்த்திருக்கிறது! நம் கேமரன் மலையில் கூரை போட்டு மழையைத் தடுக்கிறோம். அவர்கள் கண்ணாடி போட்டுச் சூட்டைக் காக்கிறார்கள்.

இதை ஏன் பரிசளிப்பு விழா மலரில் எழுதுகிறேன்? நான் படித்த காலத்தில், "தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறுமா?" என்று ஒருவர் என் தகப்பனாரிடம் கேட்டார். என் தகப்பனார் பதில் பேசவில்லை. மறுநாளும் என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். அதுவே பதில்.

பெற்றோர்களே, ஊற்றில் சூடு எப்போதும் இருந்தது. குழாயும் கண்ணாடியும் வந்த பிறகுதான் அது தக்காளியாகவும் பள்ளிக்கூடத்துக் கதகதப்பாகவும் ஆயிற்று. நம் பிள்ளைகளிடமும் சூடு உண்டு. கண்ணாடி போடுவது நம் வேலை. இரவில் ஒரு மேசை, ஒரு விளக்கு, அரை மணி நேரம் தொலைக்காட்சி இல்லாத அமைதி, இவ்வளவு போதும். லயங்கள் இடிந்து, தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறி, ஊர் பிரிந்து போகும் இந்நாளில் இதையாவது விட்டுவிடக் கூடாது.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம். உங்கள் தாத்தா பாட்டி வேலை செய்த தோட்டத்தின் பெயர் என்ன, அந்தப் பெயர் எப்படி வந்தது, தண்ணீர் எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். வாலஸ் எழுதியதால்தான் 1854ஆம் ஆண்டின் ஆயர் பானாஸை இன்று நாம் அறிகிறோம். நம் தோட்டத்தை நாம் எழுதாவிட்டால் யார் எழுதுவார்கள்?