பட்டறைக்கு ஒரு வர்ணம்

பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் விமானம் ஒன்றைச் சிற்றளவில் செய்ய முற்படுகிறவனுக்கு அந்த விமானம் பறந்த மாதமும் வருஷமும் தெரிந்துவிட்டால், அந்தக் காலத்தில் லண்டன் விமான அமைச்சு பிறப்பித்திருந்த உத்தரவைப் பார்த்து அதன் வர்ணத்தை ஏறக்குறைய நிர்ணயித்துக்கொள்ளலாம். ஆனால் அதே இரண்டாம் உலக யுத்தத்தில் ஈடுபட்ட இத்தாலியப் போர் விமானம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டவனோ, ரோமாபுரியின் உத்தரவுகளைக் காட்டிலும், அந்த விமானம் எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது என்பதையே முதலில் விசாரிக்க வேண்டியவனாகிறான்.

இதற்குக் காரணம் உண்டு. 1923 மார்ச் 28 அன்று தனிப் படையாக அமைக்கப்பெற்ற இத்தாலிய அரச விமானப்படையாகிய ரெஜியா ஏரோநாட்டிகா, மஞ்சள், பச்சை, பழுப்பு ஆகிய மறைப்பு வர்ணங்களை வகுத்து, ஒவ்வொன்றிலும் எண்ணிட்ட பல பேதங்களையும் வைத்திருந்தது; எனினும் அவ்வர்ணங்களைப் புள்ளியாகவோ, திட்டாகவோ, வளையமாகவோ தெளித்தவர்கள் அந்தந்தப் பட்டறையின் தொழிலாளிகளே ஆகையால், ஒரே வகை விமானம் மூன்று ஊர்களில் மூன்று விதமான மேனியோடு வெளிவந்தது. 1941-இல் ‘தாவோலா 10’ என்னும் அட்டவணை வெளியாகி, இளங்கொட்டை நிறம், கரும் ஆலிவ் பச்சை, இள நீலச் சாம்பல் என்று சில வர்ணங்களை மட்டும் நிலைப்படுத்த முயன்றது உண்மை. ஆயினும் கிண்ணத்திலிருந்த வர்ணத்தைச் சாசனம் கட்டுப்படுத்தியதே தவிர, தெளித்த கையின் வழக்கத்தை அது முழுவதும் மாற்றிவிடவில்லை.

மாக்கி சி. 202 ஃபோல்கோரே என்னும் சண்டை விமானம் இதற்கு நல்ல உதாரணம். மாரியோ காஸ்தோல்தி வடிவமைத்து, 1940 ஆகஸ்ட் 10 அன்று முதலில் பறந்த இவ்விமானத்தை, வரேஸே நகரத்து மாக்கி நிறுவனம் மட்டுமின்றி, மிலான் அருகிலுள்ள ப்ரேதா நிறுவனமும், திரசிமேனோ ஏரிக்கரையிலுள்ள ஸாய் அம்புரோசினி நிறுவனமும் உற்பத்தி செய்தன. அடித்தளமான இளங்கொட்டை நிறத்தின்மேல் பச்சை வளையங்கள் புகைச் சுருள்போல் நெருங்கியிருப்பதும், வெறும் சிதறலாக நிற்பதும், உற்பத்தி செய்தவர் யார், எந்தத் தொகுதி என்பதையே பொறுத்தன. ஆகவே விமானத்தின் வால்பக்கத்து உடலில் சிறிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கும் ‘எம். எம்.’ என்னும் இராணுவப் பதிவெண், இந்த ஆராய்ச்சிக்குத் திறவுகோலாகிறது: அந்த எண் எந்த வரிசையில் விழுகிறது என்று தெரிந்தால் தொழிற்சாலையும் தொகுதியும் தெரியும்; தொழிற்சாலை தெரிந்தால் மேனியின் சுபாவம் தெரியும். புகைப்படத்தில் அந்த எண்ணைப் படிக்க முடியாதபோதுதான் மெய்யான சிரமம் ஆரம்பமாகிறது. வளையங்களின் நெருக்கத்தைக் கொண்டே பட்டறையை ஊகிக்க வேண்டிவருகிறது.

வர்ணம் ஒருபுறமிருக்க, வடிவத்திலும் சூக்ஷ்மங்கள் உண்டு. இயந்திரத்தின் முறுக்குவிசை விமானத்தை ஒரு பக்கமாகச் சாய்க்க முயல்வதைச் சமன்செய்யும் பொருட்டு, காஸ்தோல்தி ஃபோல்கோரேயின் இடது இறக்கையை வலது இறக்கையைவிடச் சுமார் 20 சென்டிமீட்டர் நீளமாக அமைத்தார். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் செய்யப்படும் மாதிரியில் இது மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. மொத்த இறக்கைவீச்சோ பதினைந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எந்த விருந்தாளியும் அளவுகோல் வைத்துப் பார்க்கப் போவதில்லை. ஆயினும் இரண்டு இறக்கைகளையும் சமமாக வெட்டியவனை இந்தக் கலையில் தேர்ந்தவனென்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். சவோயா மார்க்கெத்தி எஸ். எம். 79 என்னும் மூன்று இயந்திரக் குண்டு விமானத்தின் விஷயத்திலும் இவ்வாறே: முதுகிலிருந்த திமிலால் ‘சபிக்கப்பட்ட கூனன்’ என்று பெயரெடுத்த அவ்விமானத்தின் உடல் உருக்குக் குழாய்ச் சட்டத்தின்மேல் தகடும் மரப்பலகையும் துணியும் போர்த்தியது, இறக்கையோ மரத்தாலானது. அந்த இறக்கையில் வரிசை வரிசையாக ரிவெட் பதித்துக் காட்டுவது அறியாமையைத்தான் விளம்பரப்படுத்தும்.

எஞ்சியிருக்கும் அசல் விமானங்களைப் போய்ப் பார்த்துவிட்டால் சந்தேகமெல்லாம் தீர்ந்துவிடுமென்று நினைப்பவர்கள், அவ்விமானங்களின் சொந்தச் சரித்திரத்தைப் படித்தால் சற்றுத் தயங்குவார்கள். 1940-இல் பெல்ஜியத்திலிருந்து இங்கிலாந்தின்மேல் பறந்த இத்தாலியப் படையைச் சேர்ந்த ஃபியட் சி. ஆர். 42 இரட்டை இறக்கை விமானம் ஒன்று, நவம்பர் 11 அன்று ஹார்விச் துறைமுகத் தாக்குதலுக்குத் துணையாக வந்து, இயந்திரக் கோளாற்றினால் ஆர்ஃபர்ட்னெஸ் கூழாங்கற் கரையில் இறங்கியது. பியெத்ரோ சால்வதோரி என்னும் விமானி சிறைப்பட்டார். விமானம் பெரிய சேதமின்றிக் கிடைத்தது. இன்று லண்டன் ஹெண்டனில் அரச விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் அதன் பதிவெண் எம். எம். 5701 என்பதில் ஐயமில்லை. ஆனால் பிரிட்டிஷார் அதைச் சோதித்துப் பார்த்த காலத்தில் தங்கள் வட்ட முத்திரையையும் பி. டி. 474 என்ற எண்ணையும் அதன்மேல் எழுதினார்கள். பின்பு இத்தாலிய வர்ணம் மறுபடியும் பூசப்பட்டது. ஆகையால் இன்று அதன் மேனியில் காணும் பச்சையும் பழுப்பும் ஃபியட் பட்டறையின் கைவண்ணம் அல்ல. அதைப் பற்றிப் பிற்காலத்தார் கொண்ட அபிப்பிராயமே. உலோகத்தின் அளவுக்கும் அமைப்புக்கும் அவ்விமானம் சிறந்த பிரமாணம், வர்ணத்துக்கு அல்ல.

ரோமுக்கு வடக்கே பிரச்சானோ ஏரிக்கரையில், விஞ்ஞா தி வல்லே என்னுமிடத்திலுள்ள இத்தாலிய விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் ‘கூனனின்’ கதை இன்னும் விசித்திரமானது. யுத்தத்துக்குப் பின் போக்குவரத்து விமானங்களாக மாற்றப்பட்டு லெபனான் நாட்டுக்கு விற்கப்பட்டவற்றுள் ஒன்று அது. திரும்பி வந்தபின் யுத்தகாலக் கோலத்துக்கு மாற்றப்பட்டது. அதே அருங்காட்சியகத்திலுள்ள மாக்கி எம். சி. 72 பந்தய விமானமோ, 1934 அக்டோபர் 23 அன்று பிரான்செஸ்கோ அஜெல்லோ மணிக்கு 709 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிய ஜாதியைச் சேர்ந்தது. அதன் சிவப்பைப் பற்றி ஒருவரும் தர்க்கம் செய்வதில்லை.

எஞ்சிய பிரமாணம் புகைப்படம். 1924-இல் தோன்றிய லூச்சே என்னும் இத்தாலிய அரசுப் படப்பிடிப்பு ஸ்தாபனத்தின் படங்களும், வீரர்கள் தங்கள் குடும்பத்துக்கு அனுப்பிய படங்களும் ஆயிரக்கணக்கில் இருந்தபோதிலும், கறுப்பு வெள்ளைப் பிலிம் வர்ணத்தைப் பற்றி உண்மை சொல்லும் சாட்சியல்ல. சிவப்பை உணராத பழைய வகைப் பிலிமில் மஞ்சள் கறுத்தும் நீலம் வெளுத்தும் தோன்றும். 1941-இல் அடையாளத்துக்காக இயந்திர மூடிகளுக்குப் பூசிய மஞ்சள், இவ்வகைப் படங்களில் கரும்பச்சையென்றே மயக்கும். ஆகவே நிறத்தைவிட்டு, திட்டுகளின் விளிம்பையும், உடலைச் சுற்றிய வெள்ளைப் பட்டையையும், 1940-இல் வாலின் மூவர்ணத்துக்குப் பதிலாக வந்த வெள்ளைச் சிலுவையையும் பார்த்துக் காலத்தை முதலில் நிர்ணயித்து, அதன்பின்பே வர்ணத்துக்கு வருவது அனுபவசாலிகளின் முறை.

இந்த முறையைச் சாஸ்திரமாக்கியவர்களில் பெரும்பான்மையோர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களல்லர், மாதிரி செய்வோரே. திரெந்தோ நகரத்து மாதிரி செய்வோர் குழு வெளியிட்ட, ரெஜியா ஏரோநாட்டிகாவின் வர்ணங்களையும் மறைப்புக் கோலங்களையும் தொழிற்சாலை வாரியாக ஆராய்ந்த நூல், பொழுதுபோக்கிலிருந்து பிறந்த சரித்திர நூலென்று சொல்லத் தகுந்தது. பெட்டியில் வரும் பாகங்களை ஒட்டி முடிப்பதோடு திருப்தியடையாமல் பதிவெண்களையும் படங்களையும் ஒப்புநோக்கியவர்களின் சிரத்தையால்தான், இராணுவ ஆவணங்கள் மட்டும் சொல்லாத பட்டறை வழக்கங்கள் இன்று நமக்குத் தெரியவந்துள்ளன.

ஆனால் 1943 செப்டம்பர் 8 அன்று இத்தாலி சரணடைந்த செய்தி வெளியானபின், இந்தப் பட்டறைக் கணக்கும் தடுமாறுகிறது. வடக்கே முஸோலினியின் குடியரசுக்காகப் பறந்தவை வேறு முத்திரையையும், தெற்கே நேச நாடுகளோடு சேர்ந்து பறந்தவை பச்சை, வெள்ளை, சிவப்பு வட்டத்தையும் ஏற்றன. தெற்கில் உதிரி பாகங்கள் கிடைக்காமையால், பழுதான விமானங்களைப் பிரித்து மற்றவற்றை ஓடவைத்தார்கள். ஒருவர் செய்த உடலில் மற்றொருவர் செய்த இறக்கை பொருந்தி, ஒரே விமானத்தின்மேல் இரண்டு பட்டறைகளின் கோலமும் அழிக்கப்பட்ட பழைய முத்திரையின் சதுரத் திட்டும் அருகருகே நிற்கக்கூடும். அத்தகைய விமானத்தைச் செய்ய விரும்புகிறவன், குறிப்பிட்ட அந்த ஒரே விமானத்தின் புகைப்படம், அதுவும் இரண்டு பக்கங்களையும் காட்டும் புகைப்படம், கிடைக்கும் வரையில் வர்ணக் கிண்ணத்தைத் திறவாமலிருப்பதே உசிதம்.